பாறணைக்கு முன்னர்

நல்ல செய்தி சொல்லத்தான் நிரஞ்சலா அன்று கோயிலுக்குப் போனாள். தம்பி குகநேசன் செத்த பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை. முருகனோடு அவளுக்குக் கோபம். அது ஒருதலைக் கோபம்தான். முருகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டொரொன்டோவின் கிழக்கு ஓரத்தில் பழைய தளபாடக் கிடங்கு ஒன்றை வாங்கிக் கோயிலாக்கியிருந்தார்கள். முன்னால் கோபுரம், பின்னால் லொறிகள் வந்து நிற்கும் சாமான் வாசல். ஐப்பசிக் குளிருக்குப் போட்டுவந்த தடித்த சட்டைகளைக் கழற்றிக் கொழுவிவிட்டு, சனம் உள்ளே வேட்டியும் சேலையுமாக நெருக்கிக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமைகூட இல்லையே, செவ்வாய்க்கிழமை இவ்வளவு கூட்டம் ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. அவளுக்கு அவசரம்.

மூச்சுக்காய்ச்சலுக்கான புதிய தடுப்பூசியை மனிதர்களில் சோதித்த குழுவில் அவள் தலைமை நேர்ஸ். அப்போதெல்லாம் எல்லோருக்கும் ஒரே அளவில் ஊசி போடுகிற வழக்கம் போய்விட்டது. பிறக்கும்போதோ நாட்டுக்குள் வரும்போதோ ஒருவரின் பரம்பரை இன்னது என்று சுகாதார அட்டையில் பதிந்துவிடுவார்கள். ஊசிப்பேனா அந்த அட்டையைப் படிக்கும். அந்த இனத்துக்கு எவ்வளவு மருந்தோ அதைத் தானே அளந்து இறக்கும். டொக்டரோ நேர்ஸோ ஒரு துளி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவில் தொடங்கி, ஒவ்வொரு இனத்துக்கும் உரிய அளவை அந்த இனத்தவரிலேயே சோதித்து எடுக்கவேண்டும். சொந்த அளவு இல்லாத இனத்துக்கு ஊசியே இல்லை.

அந்தச் சட்டத்தைக் கேட்டுத் தெருவில் பதாகை பிடித்தவர்களில் நிரஞ்சலாவும் ஒருத்தி. முதல் அலையில் வந்த ஊசியை வெள்ளைக்காரரில் மட்டும் சோதித்துவிட்டு ஊருக்கெல்லாம் போட்டார்கள். அதை நம்பிப் போட்டுக்கொண்டு டாக்சி ஓட்டப் போன குகநேசன், மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு முட்டிச் செத்தான். உங்கள் ஆட்களில் ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாது, உங்கள் ஆட்கள் ஒருவரும் சோதனையில் இருக்கவில்லை என்று டொக்டர் கையை விரித்தார். அன்று ஏறிய கொதிப்பு அவளுக்கு இறங்கவேயில்லை. தாயும் இல்லாத அபிராவை, தம்பியின் ஒரே மகளை, அவளே வளர்த்துப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்தாள். அபிராவுக்கு இப்போது வயிற்றில் எட்டு மாதம்.

கோயில் செயலாளர் புவனேந்திரன் அலுவலக அறையில் இருந்தார். கூரை வேலைக் கொம்பனி நடத்திக் களைத்து, பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கோயிலே கதியென்று கிடந்த மனிதர். சோதனைக்குத் தமிழரைச் சேர்க்க முடியாமல் நிரஞ்சலா வீடு வீடாக அலைந்த காலத்தில், போன வருடம், ஒரே கிழமையில் மண்டபத்தை நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ! என்ன முருகனோடை ராசியாகியிட்டியளோ?"

"இன்னும் இல்லையண்ணை. எங்கடை அளவு வந்திட்டுது. திங்கட்கிழமை தொடங்குகினம். முதல் பிள்ளைத்தாச்சியளுக்கு."

புவனேந்திரன் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கண் கலங்கிவிட்டது.

"மற்றவையிலும் பார்க்க எங்களுக்கு ரண்டு மடங்கு அண்ணை. பொது அளவைப் போட்டுப் பார்த்தால் எங்கடை ரத்தத்திலை எதிர்ப்புச் சக்தி ஒரு துளியும் எழும்பேல்லையாம். ரண்டு மடங்கு போடத்தான் கொஞ்சம் எழும்பினதாம்."

"யாழ்ப்பாணத்து உடம்பெல்லோ! லேசிலை மசியுமோ?"

இருவரும் சிரித்தார்கள். அவள் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து மரக்கறி ரோல்ஸ் ஒன்றை நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஐயோ பிள்ளை, கந்தசட்டி தொடங்கியிட்டுது. எனக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணியும்தான். திங்கள் விடியப் பாறணை. அண்டைக்குக் கொண்டுவா, பெட்டியோடை முடிக்கிறன்."

கந்தசட்டியில் ஆறு நாள் விரதம் காத்து, ஏழாம் நாள் காலையில் சோறு சமைத்துச் சாப்பிடுவதுதான் பாறணை. சின்ன வயதில் அவளும் அம்மாவோடு இருந்தவள்தான். நீட்டிய ரோல்ஸ் அவள் கையிலேயே நின்றது.

"அண்ணை, போன வருசம் இஞ்சை ஊசி போட்ட கிழமை..."

"அதுவும் சட்டிதானே. அப்பதானே சனம் முழுக்க ஒரு இடத்திலை நிக்கும்! இல்லாட்டி நான் என்ன மந்திரத்திலையோ ஆக்களைப் பிடிச்சனான்?"

"ஊசிக்கு முன்னம் சாப்பிட்டிருக்கவேணும் எண்டு சொன்னது. எங்கடை நேர்ஸ்மார் ஒவ்வொருத்தரையும் கேட்டவை. எல்லாரும் சாப்பிட்டனாங்கள் எண்டுதான் சொன்னவை."

அந்தக் கிழமை அவள் வேறொரு நிலையத்தில் நின்றாள். கோயிலுக்கு வந்த நேர்ஸ்மாரில் ஒருவருக்கும் சட்டியும் தெரியாது, சூரனும் தெரியாது.

"நான்தான் பிள்ளை அப்பிடிச் சொல்லச் சொன்னனான்," என்றார் புவனேந்திரன். குரல் இறங்கிவிட்டது. "விரதம் எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவினம். சட்டி விரதத்தை ஆரும் இடையிலை முறிப்பினமோ? நீயும் எங்கடை ஆக்கள் வேணும் வேணுமெண்டு நாயாய் அலைஞ்சனி. ஒரு சின்னப் பொய்தானே, எங்கடை சனத்துக்காக எண்டு... ஏன் பிள்ளை, அதிலை ஏதும் பிழையோ?"

அவள் கதிரையில் இருந்தாள். பட்டினி கிடந்த உடம்பு எதற்கும் சண்டைக்கு எழும்பாது. ஊசிக்கும் எழும்பவில்லை. அதைப் பார்த்த, அளவைக் கணக்கிடுகிற இயந்திரம், இந்த இனத்துக்கு மருந்து போதவில்லை என்று நினைத்து இரண்டு மடங்காக்கிவிட்டது. அந்த அளவைச் சோறு தின்கிற உடம்பில் ஏற்றினால் என்ன நடக்கும்? நெஞ்சுத்தசை வீங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை வரிசையில் முதலாவதாக நிற்கப்போகிறவர்களில் ஒருத்தி அபிரா.

மறுநாள் காலை அளவு ஆணையத்தின் தலைவர் டொக்டர் மென்சாவின் முன்னால் போய் நின்றாள். மென்சாவின் பெற்றோர் கானாவில் இருந்து வந்தவர்கள். அந்தச் சட்டத்துக்காக அதே தெருவில் வேறொரு பதாகையைப் பிடித்தவர். எல்லாவற்றையும் இடைமறிக்காமல் கேட்டார்.

"அட்டவணையில் இரண்டு வருடம் நிரப்ப முடியாத உங்கள் கட்டம் ஒரே வாரத்தில் நிரம்பியது," என்றார் மென்சா. "எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சந்தோஷப்பட்டேன்."

"அந்தக் கணக்கைத் தூக்கி எறியுங்கள் டொக்டர்."

"எறியலாம். எறிந்தால் தெற்காசியர் என்ற கட்டம் வெறுமையாகிவிடும். அதற்குள் நீங்கள் மட்டும் இல்லை. பஞ்சாபி, வங்காளி, குஜராத்தி எல்லோரும் அந்த ஒரு கட்டத்துக்குள்தான். அத்தனை பேருக்கும் அளவெடுத்தது உங்கள் கோயிலில் இருந்துதான். சொந்த அளவு இல்லையென்றால் இந்தக் குளிர்காலம் அவர்கள் ஒருவருக்கும் ஊசி இல்லை. சட்டம் உங்களுக்குத் தெரியும்."

சட்டத்தைப் பற்றி நிரஞ்சலாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"வேறு வழி இல்லையா?"

"ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள அளவு ஆபத்தானது என்று காட்டினால், அவசர விதிப்படி பொது அளவு தானாக வந்துவிடும். சந்தேகம் போதாது, காட்டவேண்டும். சாப்பிட்ட உடம்பில் இதே இரண்டு மடங்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். அதுவும் போன வருடம் இரண்டு மடங்கு போட்ட அதே ஆட்களில். அப்போதுதான் வித்தியாசம் சாப்பாட்டால் வந்தது என்று யாரும் மறுக்க முடியாது. பன்னிரண்டு பேர் போதும். இன்றும் நாளையும் வயிறாரச் சாப்பிடட்டும். வெள்ளிக்கிழமை ஊசி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வைத்துப் பார்ப்போம்."

"எனக்குப் போடுங்கள்."

"நீங்கள் குழுவில் வேலை செய்கிறவர். போன வருடமும் போடவில்லை." மென்சா அவள் கையைப் பிடித்தார். "இது கேட்கக்கூடாத கேள்வி என்று எனக்குத் தெரியும், நிரஞ்சலா. எங்கள் ஆட்களிடமும் இப்படித்தான், எப்போதும் கடைசி நேரத்தில் வந்து கேட்பார்கள்."

வீட்டுக்கு வந்தபோது அபிரா குசினி மேசையில் இருந்து பாணுக்குச் சம்பல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளை வந்த நாளில் இருந்து அவளுக்கு ஓயாத பசி. நிரஞ்சலா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"ரண்டு மடங்கு போட்டால் எனக்கு என்ன நடக்கும் மாமி?"

"தெரியாது."

"போடாட்டில்?"

"போன குளிருக்குச் செத்ததிலை கனபேர் பிள்ளைத்தாச்சியள்."

"அப்ப நானும் விரதம் இருந்திட்டுப் போடட்டோ?"

"வயித்திலை பிள்ளையை வைச்சுக்கொண்டோ? விசர்க்கதை கதையாதை."

அபிரா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாதிப் பாணைத் தட்டில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். நிரஞ்சலா அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அரிசியைக் கழுவி உலையில் போட்டாள். பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த அப்பளம் என்று கலியாண வீட்டுக்குச் சமைப்பதுபோலச் சமைத்துக் காரில் ஏற்றினாள்.

மாலைப் பூசை முடிந்ததும் புவனேந்திரன் போன வருடம் ஊசி போட்டவர்களையெல்லாம் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். நிரஞ்சலா பேசினாள். என்ன பிழை நடந்தது, யாருக்கு ஆபத்து, என்ன வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். நெஞ்சு நோகலாம், உயிர்கூடப் போகலாம் என்றும் சொன்னாள். கேட்டவர்கள் அதற்குப் பயந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பயந்தது வேறொன்றுக்கு.

"பிள்ளை, திங்கள் மட்டும் பொறுக்கேலாதோ?" என்று ஒரு பெண் கேட்டாள். "பாறணை முடிய எத்தினை பேர் வேணுமெண்டாலும் வாறம்."

"திங்கள் பிந்தீடும் அன்ரி. அண்டைக்கு விடியவே ஊசி தொடங்குகினம்."

"பாதியிலை விரதத்தை முறிச்சுப்போட்டு முருகனுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

பின்வரிசையில் சிலர் மெல்ல எழும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் நிரஞ்சலாவுக்கு மனம் வரவில்லை.

"பொய் சொல்லச் சொன்னது நான்," என்றார் புவனேந்திரன். "முருகனுக்குச் சொல்லவேண்டியதையும் நானே சொல்லுறன்." ஊரில் சண்டை நடந்த கடைசி வருடத்தில், பங்கர் குழிக்குள் ஒடுங்கிக் கிடந்தபோதுகூட விடாத விரதம் அவருடையது. நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து வாழையிலையை விரித்தார். "சோத்தைப் போடு பிள்ளை. வயிறாரப் போடு."

அவள் போட்டாள். அவர் பருப்பை விட்டுக் குழைத்து, கண்ணை மூடி ஒரு நொடி இருந்துவிட்டு, முதல் கவளத்தை வாயில் வைத்தார். தூணோரம் நின்ற அவருடைய மனைவி சிவயோகமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து பக்கத்தில் இருந்தார். பிறகு ஒரு புருசனும் பெண்சாதியும். பன்னிரண்டு இலை நிரம்பும்வரை நிரஞ்சலா நின்று பரிமாறினாள். சிலர் அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். சனிக்கிழமை காலையே அநேகமானவர்களுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மூன்று பேருக்கு நெஞ்சு நோ. புவனேந்திரன் நிரஞ்சலாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நெஞ்சுக்கை இறுக்குது பிள்ளை. இடது கையும் விறைக்குது. இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லுறன், எழுதிக்கொள்."

அவள் எழுதினாள். டொக்டர்மார் அவரைச் சுற்றி நின்று செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் கார் நிறுத்துமிடத்தில் சூரன்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவருடைய இதயம் நின்றுபோனது.

அன்று மாலையே மென்சா அவசர ஆணையில் கையெழுத்து வைத்தார். மற்றவர்களின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி துள்ளிக்கொண்டு எழும்பியிருந்தது. பொது அளவே தாராளம் என்று அதுவே காட்டியது. திங்கட்கிழமை காலை நாடு முழுவதும் ஊசிப்பேனாக்கள் தெற்காசியரின் அட்டைகளைப் படித்துவிட்டுப் பாதி மருந்தை மட்டும் இறக்கின. அபிராவுக்குத் தோள்மூட்டில் கொஞ்சம் நோ, அவ்வளவுதான். நிரஞ்சலா காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அந்தச் சந்தோஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஊர் என்ன பேசியது என்று சொல்லவேண்டியதில்லை. மென்சாவும் இரண்டு மடங்கும் அந்தப் பேச்சில் வரவேயில்லை. பாறணைக்கு முன்னம் சோறு தொட்டவரைச் சூரன்போர் அன்றைக்கே முருகன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். மிச்சப் பதினொரு பேரும் பரிகாரம் செய்ய ஐயரிடம் போனார்கள். நெஞ்சு நோ வந்த மற்ற இருவரும் அபிசேகத்துக்குப் பிறகுதான் சுகமானோம் என்று சத்தியம் பண்ணினார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஏறிய மருந்து கணக்கில் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் புவனேந்திரன் வீட்டில் நடந்த அந்தியேட்டிச் சடங்குக்கு நிரஞ்சலா போனாள். போகாமல் விட்டிருக்கலாம் என்று வாசலிலேயே விளங்கிவிட்டது. பேசிக்கொண்டு நின்றவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கோயிலின் புதிய செயலாளர் மட்டும் தலையாட்டினார். அவரிடம் அவளுக்கு ஒரு அலுவல் இருந்தது. அடுத்து வருவது குழந்தைகளின் ஊசி. அதற்கும் சொந்த அளவு எடுக்கவேண்டும், அதற்குத் தாய் தகப்பன்மார் முன்வரவேண்டும். மண்டபத்துக்குத் தைமாதம் நாள் குறித்திருந்தது.

குசினியில் பெண்கள் இலைக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிவயோகமலர் அடுப்படியில் நின்றாள். மெலிந்துபோயிருந்தாள்.

"உன்னட்டை ஒண்டு கேக்கவேணும் பிள்ளை. நீ பொய் சொல்லமாட்டாய் எண்டு அவர் சொல்லுறவர்."

"கேளுங்கோ அக்கா."

"அண்டைக்கு நீ போட்ட சோத்தை அவர் சாப்பிடாமல் விட்டிருந்தால், இண்டைக்கு இருந்திருப்பாரோ?"

கத்திச் சத்தமெல்லாம் நின்றது. வாசலில் இருவர் எட்டிப் பார்த்தார்கள்.

பதில் நிரஞ்சலாவுக்குத் தெரியும். போன வருடம் அதே மனிதர், அதே மருந்து, அதே அளவு. பட்டினியோடு போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அதைக் காட்டத்தானே அத்தனை பாடும். இல்லை அக்கா, சாப்பாட்டுக்கும் இதுக்கும் தொடர்பில்லை என்று ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். மண்டபம் கிடைக்கும், சனம் வரும், குழந்தைகளுக்கு அளவு கிடைக்கும். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்துவிட்டது.

"ஓம் அக்கா," என்றாள். "இருந்திருப்பார். ஆனால்..."

அந்த ஆனாலைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. வாசலில் நின்றவர்கள் முன்னறைக்குப் போய்விட்டார்கள். நேர்ஸே தன்ரை வாயாலை சொல்லிப்போட்டா என்று ஒரு குரல் அங்கிருந்து கேட்டது. வெட்டிக்கொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்கள். இலை போட்டுச் சாப்பாடு முடிவதற்குள் புதிய செயலாளர் அவளைத் தேடி வந்தார்.

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி. பிள்ளையளின்ரை ஊசிக்கு மண்டபம் தரேலாது. ஒரு தாயும் வராள். மற்றக் கோயில்காரரும் இதைத்தான் சொல்லுவினம்."

கையைக் கழுவிக்கொண்டு போக வெளிக்கிட்டவளைச் சிவயோகமலர் பின்வாசலில் மறித்தாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. சோறு, பருப்பு, அன்றைக்குச் சமைத்த ஏழெட்டுக் கறியும் அமுக்கி அடைத்திருந்தது.

"உன்ரை மருமகளுக்கு மாசம் ஆகியிட்டுதெல்லோ?"

"ஓமக்கா. வாற கிழமை."

"அவளுக்காகத்தான் சாப்பிடப்போறன் எண்டு அண்டைக்கு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் அவர் இலையிலை இருந்தவர்," என்றாள் சிவயோகமலர். "இதுகளுக்குச் சொன்னால் விளங்காது. நீ கொண்டுபோய்க் குடு. அவள் சாப்பிடட்டும்."